ஐஸில் வைத்த குழாய்

ஐஸில் வைத்த குழாயில் எண் ஏறியிருந்தது.

அவள் திரையை மறுபடி பார்த்தாள். நாற்பத்தொன்று.

ஏறக் கூடாது. குளிரில் எதுவும் நகராது. அதற்காகத்தான் அதை ஐஸில் வைப்பதே.

ஐஸில் ஒன்று, சூடான நீரில் ஒன்று; இரண்டு குழாய்களிலும் ஒரே கலவை. முழு செல் ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் உடைத்தாயிற்று. மிஞ்சியவை கோல்கி என்னும் நுண்ணிய பைகளும் நல்ல செல்லின் சாறு கொஞ்சமும். நோயுற்ற செல்லின் பையிலிருந்து நல்ல செல்லின் பைக்கு ஒரு புரதம் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் அதில் கதிரியக்கச் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும், கருவி எண்ணும்.

முப்பத்தேழு டிகிரி, உடம்புச் சூட்டு நீரில் இருக்கும் குழாயில் எண் ஏறலாம். ஐஸ் குழாயில் ஏறினால் மொத்தப் பரிசோதனையும் செல்லாது. கொட்டிவிட வேண்டியதுதான்.

நோயுற்ற செல்கள் அவள் மகள் ஆதிரையுடையவை.

நாலு வயதில் போய்விட்டாள். இரண்டு வருடம் ஆகிறது. அவள் தோலிலிருந்து எடுத்து உறையவைத்ததில் இதுதான் கடைசிக் குப்பி. நல்ல செல்லின் சாறு கிடைத்திருந்தால் அந்தப் பைகள் வேலை செய்திருக்குமா? இன்று தெரியாவிட்டால் இனி எப்போதும் தெரியாது.

"பஃபர்ல ஏதோ கலந்திருக்கும்க்கா," என்றாள் கருவியருகே இருந்த செல்வமேரி.

கலவைக்கு ஊற்றிய பஃபர் கரைசலை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். பூஜ்யம்.

"ஐஸ் குழாய்லேர்ந்து இன்னொரு சொட்டு குடுங்க."

கொடுத்தாள். காத்திருந்தார்கள்.

நூற்றுப் பன்னிரண்டு.

செல்வமேரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். "ஐஸ்ல கெடந்து எப்படிக்கா ஓடும்?"

ஆதிரையின் அம்மாவுக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில், வெட்கமே இல்லாமல், ஒரு சந்தோஷமும் இருந்தது.

செல்வமேரி எழுந்து வந்து ஐஸ் டப்பாவைத் திறந்தாள்.

குழாய் இருந்த இடத்தில் ஒரு சின்னக் குழி மட்டும்.

"எங்கக்கா?"

அவளும் தேடினாள். மேசைமேல் இல்லை. ரேக்கில் இல்லை. தரையில் குனிந்துகூடப் பார்த்தாள்.

நிமிர்ந்தபோது செல்வமேரி அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையுறைக்குள் விரல்கள் இறுக மூடியிருந்தன. எப்போது எடுத்தாள், எத்தனை முறை எடுத்தாள், நினைவில்லை.

"அக்கா, கையத் திறங்க."

அவள் திறக்கவில்லை.

"இரு மேரி. அவள ஐஸ்ல வெச்சது போதும்."