நாலரை மணி நேரம்

"துரோகி! இறங்குடா கீழே!"

பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒரு செருப்பு வந்து மோதியது. எறிந்தவள் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் அக்கா.

கம்பி போட்ட ஜன்னலுக்குள் அவள் தம்பி, கட்டுப் போட்ட கையோடு. போன வாரம் நாடு கடத்த விமானத்தில் ஏற்றியபோது ஏற மாட்டேன் என்று படியைப் பிடித்துக்கொண்டான். போலீஸ் அந்தக் கையைத்தான் முறித்தது. இன்று தடுப்பு முகாமிலிருந்து மறுபடியும் கொண்டுபோகிறார்கள். அவனோடு இன்னும் இருபத்தொன்பது பேர்.

விமானம் நாலு மணிக்கு. இப்போது மூன்றே கால். வக்கீல் நீதிமன்றத்தில் தடை உத்தரவுக்காக நிற்கிறார். அது வரும்வரை பஸ் விமான நிலைய வாசலைத் தாண்டக் கூடாது. அதற்காக நூறு பேர் கைகோத்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வெள்ளைத் தோலா இருந்தா இப்படி விலங்கு மாட்டுவீங்களா?" என்று முழங்கினார் மைக் அண்ணன். மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கும் குரல். அதனால் வந்த பெயர்.

"மாட்டுவீங்களா?" என்றது கூட்டம்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி டிரைவர் அசையாமல் இருந்தார். அவரும் இவர்கள் நிறம்தான். அதுதான் எல்லாருக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் கூடப்பொறந்தவனா இருந்தா ஓட்டுவியாடா?" என்று அக்கா கதவைக் குத்தினாள்.

டிரைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பாக்குறாரு தொரை! பிளேன் போயிடுமேன்னு கவலையாம்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

போலீஸ் விசில் ஊதியது. தடிகள் இறங்கின. மைக் அண்ணனின் நெற்றி கிழிந்தது. அக்காவின் முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார்கள்.

"இது உங்க ஊர் இல்லடி, கறுப்பி!"

"எங்க ஊர் இல்லன்னா உங்க ஆஸ்பத்திரித் துணிய யாருடா துவைக்கிறது?"

பதினைந்தே நிமிடம். வாசல் காலி.

"எடு வண்டிய!" என்று போலீஸ் அதிகாரி பஸ்ஸைத் தட்டினார்.

என்ஜின் நின்றது.

டிரைவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். "நாலரை மணி நேரம் ஓட்டியாச்சு சார். இனி முக்கால் மணி நேரம் ஓய்வு. சட்டம்."

"விளையாடுறியா? விமானம் அந்தக் கோடியிலதான நிக்குது!"

"ஒரு அடி ஓட்டினாலும் வண்டிக் கருவியில பதிவாகும். லைசென்ஸ் போயிடும். நீங்கதான் ஓட்டச் சொன்னீங்கன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க, ஓட்டுறேன்."

அதிகாரி பேனாவைத் தொடவில்லை. "யாருக்காவது பஸ் லைசென்ஸ் இருக்கா?"

போலீஸ்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதிகாரி டிப்போவுக்குப் போன் போட்டார். வேறு டிரைவர் வர ஒரு மணி நேரமாம்.

விமானம் காத்திருக்கவில்லை. நாலு மணிக்குத் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போனது.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மைக் அண்ணனின் போன் அடித்தது. நெற்றி ரத்தத்தைத் துடைக்கக்கூட மறந்து குதித்தார்.

"கெடச்சிருச்சு! தடை கெடச்சிருச்சு! முப்பது பேருக்கும்!"

ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். பஸ்ஸுக்குள் விலங்குக் கைகள் கண்ணாடியைத் தட்டின. சிரிப்பும் அழுகையுமாக ஓடிவந்த அக்கா, டிரைவரைக் கண்டதும் நின்றாள்.

"ஒனக்கு நன்றி சொல்லுவேன்னு நினைக்காத. ஒன் லைசென்ஸுக்குப் பயந்து நின்ன. அது எங்க அதிர்ஷ்டம்."



அதற்குள் வண்டிக்குள் ஏறிய அதிகாரி, கருவியிலிருந்து நீளமாக ஒரு காகிதத்தை உருவிக்கொண்டு பாய்ந்து வந்தார்.

"முகாம்லேருந்து இங்க வர்றதுக்கு அரை மணி நேரம்! காலையிலேருந்து காலி பஸ்ஸ எங்கடா ஓட்டிக்கிட்டு இருந்த?"

"இந்த விமான நிலையத்தச் சுத்தித்தான் சார்" என்றார் டிரைவர். "இருபத்திரண்டு சுத்து."