பெட்டி போன வழி

"பெட்டி எதுக்குடா வெளிய போவுது?"

முதலாளி சுப்பராயலு போட்ட சத்தத்தில் சேதராப்பட்டு தகரப் பட்டறையில் சுத்தியல் எல்லாம் நின்றுபோனது.

அவர் கையில் சாக்பீஸ். ஒரு சாமான் உருவாகிற வழியைத் தரையில் கோடாகப் போட்டுப் பார்த்தால், வீண் வேலை எங்கே என்று தெரிந்துவிடும் என்று முந்தின நாள் சிறுதொழில் கூட்டத்தில் ஓர் அதிகாரி சொல்லியிருந்தார். காலையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியின் பின்னாலேயே குனிந்து கோடு இழுத்துக்கொண்டு வந்தார் சுப்பராயலு.

தகடு வெட்டி, மடக்கி, ரிவெட் அடிக்கிற வரை கோடு ஒழுங்காகத்தான் வந்தது. அடுத்தது பெயின்ட். முதலாளி அறை வாசலைத் தாண்டினால் அந்த இடம் வந்துவிடும். ஆனால் பெட்டியைத் தலையில் வைத்திருந்த அன்னாமேரி பின்கதவு வழியே வெயிலில் இறங்கினாள். கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கக் கதவில் நுழைந்தாள். சாக்பீஸ் கோடும் அவள் பின்னாலேயே வந்தது.

"தினமும் இப்படித்தானா?"

"ஆமா மொதலாளி."

"இது இன்னா வில்லியனூர் மாதா தேரா, ஊரைச் சுத்திக் கொண்டாற? நாலணாவுக்கு மல்லுக்கட்டி மேல வந்தவன்டி நான்! என் கூலியில உனக்கு ஊர்வலமா?"

அவள் பெட்டியைத் தலையிலிருந்து இறக்கி வைத்தாள்.

"மதிலுக்கு அந்தாண்ட எவன்கிட்ட பெட்டியைத் தள்ளிவுடுற?"

"ஐயோ, மாதா மேல சத்தியமா இல்ல!"

"அப்போ இன்னாத்துக்கு? சொல்லு. இல்ல, இன்னையோட வூட்டுக்குப் போ!"

அன்னாமேரிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் கூலியில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

மேஸ்திரி கில்பர்ட் எழுந்து வந்தார். "அவ மேல பாயாதீங்க. எல்லாரும் அப்படித்தான் போறோம். சொன்னது நான்."

"நீயும் கூட்டா? எதிர்ல நேர் வழி கெடக்குது. அதுல இன்னா, முள்ளா?"

"உங்க ரூமு இருக்குது."

"ரூமு கடிக்குதா உன்னை?"

"வாசல்ல யாரு போனாலும் கத்துறீங்க. நடை சோம்பல்ங்கிறீங்க, பெட்டி நசுங்கல்ங்கிறீங்க..."

"கத்துவேன்யா! என் பட்டறை! ஒரு அதட்டலுக்குப் பயந்துக்கினு கொட்டகையைச் சுத்துவீங்களா?"

"எங்களுக்கு இன்னா பயம்? திட்டு வாங்கி வாங்கிக் காதே மரத்துப்போச்சு." கில்பர்ட் கொஞ்சம் தயங்கினார். "பொங்கலுக்கு முன்னாடி நெஞ்சைப் புடிச்சிக்கினு சாய்ஞ்சீங்களே, அதுக்கப்புறம் உங்க வூட்டு அம்மா இங்க வந்தாங்க. இனிமே கோவப்பட்டா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாராம். அழுதுட்டுப் போனாங்க. உங்க கண்ணுல படாம போனா, நீங்க கத்த மாட்டீங்க பாருங்க..."

சுப்பராயலு தரையைப் பார்த்தார். அவர் இழுத்த கோடு, அவர் அறையைத்தான் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

சாக்பீஸை வீசி எறிந்தார்.

"டேய், கடப்பாரை கொண்டாங்கடா! மொதல்ல அந்த ரூமை இடிங்கடா!"

கூரைத் தகரம் அதிர்ந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்னாமேரி பதறினாள்: "மெதுவா சொல்லுங்க மொதலாளி, நாங்க இடிக்கிறோம்!"