அடுப்போரத் தண்ணீர்

எங்கள் மலையில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் எல்லா வீட்டிலும் டிரம்மை அடுப்போரத்தில் வைத்திருப்போம். என் மனைவி சுகிர்தா டெங்குவில் இறந்த மறுவாரம், எங்கள் டிரம்மில் புழுக்கள் நெளிவதைப் பார்த்தேன். கொஞ்சம் தண்ணீரோடு அவற்றைப் பாட்டிலில் அள்ளி வைத்தேன். கொசுக்களானதும் சுகாதார அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன்.

அதிகாரி ஹீட்டரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். “உங்க வீட்டம்மா கீழ எங்கயாவது போய் காய்ச்சல வாங்கிட்டு வந்திருப்பாங்க தம்பி. இந்தக் குளிர்ல ஏது கொசு?”

“கல்யாணமானதுலேர்ந்து அவ மலைய விட்டு இறங்கல சார்.”

“இந்தப் பாட்டிலும் கீழேர்ந்து வந்ததுதான்னு மேலதிகாரிங்க சொல்லுவாங்க.”

“எங்க தெருவுல எல்லா வீட்லயும் இதே டிரம்தான் சார். கைக்குழந்தைங்க இருக்கு. மருந்து அடிங்க.”

“இல்லாத கொசுவுக்கு எப்படிப்பா மருந்து அடிக்கறது?” என்று சிரித்துவிட்டு டீயை எடுத்தார்.

நான் பாட்டிலை ஹீட்டர் பக்கமாக மேஜைமேல் வைத்தேன். சூடு பட்டதும், பாட்டிலின் உட்புறம் ஒட்டியிருந்த கொசுக்கள் ஒவ்வொன்றாகப் பறக்க ஆரம்பித்தன. மூடியை ஒரு சுற்றுத் திருகினேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“தம்பி, மூடிய மட்டும் தொறக்காதீங்க.”

“ஏன் சார்?” என்றேன். மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.