ஷீலா இன்னும் எழுதவில்லை

எம்.ஏ. மாணவி ஷீலா, கடைசி ஆய்வுக் கட்டுரையை எழுதக் காலையில் லேப்டாப்பைத் திறந்தாள். அம்மா தேவானை அதை மூடினாள்.

"இன்னா அவசரம்? போய் மீன் வாங்கியா."

பதினொரு மணிக்கு மறுபடியும் திறந்தாள். எதிர் வீட்டுக் காவேரி கேரம் போர்டோடு வந்துவிட்டாள்.

மூன்று மணிக்குப் பேராசிரியை போன் செய்தார்.

"இன்னைக்குத் தரலைன்னா உனக்கு டிகிரி அடுத்த வருஷம்தான்."

"பரவால்ல மேடம்."

"சோம்பேறித்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?"

ஷீலா போனை வைத்துவிட்டுக் கேரம் காயைச் சுண்டினாள்.

ஐந்து மணிக்கு அவர்களுடைய கால்வாய் ஓரத் தெருவில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிகாரி ஃபைலோடு இறங்கினார். நாற்பது வீட்டு ஜனமும் வாசலுக்கு வந்தது.

"படிப்பு முடிஞ்சுதாம்மா?"

"ஒரு கட்டுரை பாக்கி கீது சார்."

"போன மாசமும் இதையேதான் சொன்னே. இந்தத் தெருவுல படிக்கிற கடைசிப் பிள்ளை படிப்பை முடிக்கிற வரைக்கும் ஒரு வீட்டையும் இடிக்க மாட்டோம்னு கோர்ட்ல எழுதிக் குடுத்துத் தொலைச்சிட்டோம். சீக்கிரம் எழுது."

"எழுதிக்கினேதான் கீறேன் சார்."

சொல்லிவிட்டு ஷீலா கேரம் போர்டை நடுத்தெருவில் போட்டு, காய்களை அடுக்கினாள். ஜீப் ரிவர்ஸில்தான் போக வேண்டியிருந்தது.