துண்டில் மீன் நாற்றம்

ஆல்வினின் துண்டில் மீன் நாற்றம் அடித்தது.

பால்கனிக் கொடியில் கிடந்ததை எடுத்து இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தான் பெஞ்சமின். சந்தேகமே இல்லை. குளியலறையில் ஆல்வின் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தான்.

விடியக்காலையில் ஜெபத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிப் போய்வந்தவன் துண்டில் மீனுக்கு என்ன வேலை?

அடப்பாவி, கோவளத்துக்குப் போயிருக்கிறான். என்னைப் பற்றித் துப்பு விசாரிக்க.

பெஞ்சமினின் ரகசியம் கோவளத்தில்தான் இருந்தது. படகுகள் வந்து நிற்கிற இடத்தில் பொன்னியக்கா மீனுக்கு ஐஸ் உடைத்து விற்பாள். பாதியாக வெட்டிய நீல டிரம்மில் அவள் ஐஸைக் கொட்டித் தருவாள். கொஞ்ச நாளாக தினமும் காலையில் அதற்குள் வலது காலை முட்டி மூழ்க விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

முன்பெல்லாம் அவன் ஆடுகிற ஃபுட்பால் கிளப்பிலேயே ஐஸ் தொட்டி இருந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று முதல் வேலையாக அதைத்தான் தூக்கினார்கள். இருந்திருந்தாலும் அதில் போய் உட்கார முடியுமா? முட்டி போனது தெரிந்தால் ஆளையே தூக்கிவிடுவார்கள்.

அந்த ஐஸில் காலை வைத்தால் மீன் வாடை லேசில் போகாது. எலுமிச்சம்பழ மூடியை அழுந்தத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் படூர் ஃபிளாட்டுக்குத் திரும்புவான். கடற்கரையில் ஓடிவிட்டு வருகிறேன் என்று ஆல்வினிடம் ஒரு புளுகு.

இப்படியெல்லாம் ஒளிந்து திரிய வைத்தது அந்த உச்சவரம்புதான். ஒரு கிளப் தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று லீக் நடத்துகிறவர்கள் கோடு போட்டுவிட்டார்கள். கிளப்பில் இடப்பக்கம் தடுத்தாடுகிற லெஃப்ட் பேக் இரண்டு பேர், பெஞ்சமினும் ஆல்வினும். கோட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டுமென்றால் ஒருவன் வீட்டுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை முடிவு.

ஒரே அறையில் படுக்கிற இரண்டு பேர். எந்தப் புண்ணியவான் யோசித்து வைத்தானோ!

பெஞ்சமினுக்கு வயது முப்பத்திரண்டு. இந்த வயதில், இந்த முட்டியோடு, வேறு எந்த கிளப்பும் சீந்தாது. செங்கல்பட்டில் ரெஜினா மாசமாக இருக்கிறாள். போன் பண்ணும்போதெல்லாம் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்கிறாள்.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. கிறிஸ்மஸ் ஆராதனையிலேயே குறட்டை விட்டவனுக்கு திடீரென்று என்ன விடியற்கால பக்தி? நேற்றுகூடப் படிக்கட்டில் கால் வைத்ததும், “பேஜாரா கீது மச்சான், லிஃப்ட்ல போலாம்” என்று நின்றுவிட்டான். நான் நொண்டுகிறேனா என்று பார்த்திருக்கிறான், வேறென்ன? இன்றைக்குப் போய் மேனேஜர் நரசிம்மனிடம் வத்தி வைத்துவிடுவான்.

முந்திக்கொள்ள வேண்டும்.

பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு நரசிம்மனுக்குப் போன் போட்டான். “சார், ஆல்வினுக்கு முட்டி சரியில்ல. மறைக்கிறான் சார். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

இன்றைக்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் நரசிம்மன்.

வடிகட்டின பொய். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது, அவனுக்கும் ஒன்றும் ஆகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனால் இனிமேல் அவன் என்னைப் பற்றி எதைச் சொன்னாலும், வயிற்றெரிச்சலில் சொல்கிறான் என்றுதானே சார் நினைப்பார்?

ஆல்வின் வேறொரு துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தான். “இன்னா மச்சான், இன்னும் ஓடப் போவலியா?”

ராஸ்கல், எப்படி நடிக்கிறான் பார். பெஞ்சமின் பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கோவளத்தில் பொன்னியக்கா டிரம்மை நிரப்பி வைத்திருந்தாள். காலை உள்ளே விட்டதும் உச்சந்தலை வரைக்கும் ஜில்லென்று ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

“காலையில ஆல்வின் வந்து என்னக்கா கேட்டான்?”

“கேக்கறதுக்கு இன்னா கீது? உன்ன மாரியே டிரம்முல கால வுட்டுகினு குந்திகினு இருந்தான். உனுக்கு வலது முட்டி, அவனுக்கு எடது. எனக்கப்பறம் பெஞ்சமின் வருவான், கட்டியா போடாதக்கா, நல்லா பொடிச்சி வையின்னு தெனம் சொல்லிட்டுத்தான போறான். உங்கிட்ட சொன்னதில்லியா?”

பெஞ்சமின் டிரம்மைப் பார்த்தான். ஐஸ் மாவு மாதிரி பொடிந்து கிடந்தது. இத்தனை நாளும் பொன்னியக்காவின் கைப்பக்குவம் என்றுதான் நினைத்திருந்தான்.

சட்டைப்பையில் போன் அடித்தது. ஆல்வின்தான்.

“மச்சான், எவனோ என்ன போட்டுக் குடுத்துட்டான்டா. ஸ்கேனுக்கு வான்னு நரசிம்மன் சார் கூப்டுட்டாரு. என் கத அவ்ளோதான். அடுத்து உன்ன நோண்டுவானுங்க. சட்டுனு கால எடுத்துகினு கிளம்பு. எலுமிச்சம்பயத்த நல்லா அயுத்தித் தேச்சிக்க, இல்லன்னா நாத்தம் காட்டிக் குடுத்துடும்.”

“சரி மச்சான்” என்றான் பெஞ்சமின்.