உப்பா, நல்ல தண்ணியா?

"இன்னா பாய் இது? ஆயிலா, பால் காப்பியா?"

ஞானதாஸ் அளவுக் கம்பியை மெக்கானிக் ஷரஃபுதீனின் மூக்குக்கு நேரே நீட்டினான். கம்பி நுனியில் படகு இஞ்சினின் ஆயில் வெளுத்து நுரைத்திருந்தது.

"தண்ணி கலந்துகீது, நைனா."

"அது எனக்குத் தெரியாதா? முந்தாநாள் இந்த இஞ்சினப் பிரிச்சி மூட்டினது யாரு?"

"நான்தான்."

"அப்பால தண்ணி எப்பிடி வந்துச்சி? ஆகாசத்துலேர்ந்தா?"

ஞானதாஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். கடல் பொங்கி அடையாற்று முகத்துவாரத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு திட்டில் அவனுடைய அக்கா ஃப்ளோரன்ஸ் இரண்டு பிள்ளைகளோடு மாட்டிக்கொண்டிருந்தாள். வாசல் வரை தண்ணீர் வந்துவிட்டது என்று நேற்று சாயங்காலமே சேதி. விடிந்ததும் மோட்டார் படகைக் கிளப்பினான். அது நாலு முறை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. இந்தக் காற்றில் துடுப்புப் போட்டுப் போனால் அக்காவைப் பார்ப்பதற்கு முன்னால் ஆண்டவரைப் பார்க்க வேண்டியதுதான்.

ஷரஃபுதீன் இஞ்சினுக்கு அடியிலிருந்த திருகைக் கழற்றினார். முதலில் தண்ணீர் வந்தது. பின்னாலேயே கலங்கிய ஆயில் வந்தது.

"இஞ்சினு சூடு தணியறதுக்கு ஆத்துத் தண்ணிதான் உள்ள ஓடுது. அது கசிஞ்சிருந்தா உப்புக் கரிக்கும். அப்ப என் வேலைதான் தப்பு. நல்ல தண்ணியா இருந்தா யாரோ ஊத்திகீறாங்கன்னு அர்த்தம். நாக்குல வச்சா தெரிஞ்சிடும்."

"எவனாவது ஊத்தியிருந்தான்னு வையி, அது எம்மாம் பெரிய சொந்தமா இருந்தாலும் சரி, இன்னியோட என் ஊட்டு வாசல மிதிக்கக் கூடாது!"

ஆற்றங்கரையே அதிர்ந்தது. சத்தம் கேட்டு வந்த அவன் மனைவி மர்சலின், படகுக் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஷரஃபுதீன் அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தார்.

"உப்புதான், நைனா. போல்ட்டச் சரியா முறுக்கல. என் தப்பு."

இது போதாதா ஞானதாஸுக்கு?

"இருவது வருசமா மெக்கானிக்குன்னு சொல்லிக்கினு திரியறியே, ஒரு போல்ட்டு முறுக்கத் தெரியல! எங்க அக்காவுக்கு இன்னாவது ஆச்சின்னா உன்னச் சும்மா வுட மாட்டேன்!"

ஷரஃபுதீன் ஸ்பானரை எடுத்து நாலைந்து போல்ட்டுகளை முறுக்கினார். யுத்த காலம். புது ஆயிலுக்குப் பர்மிட் வாங்கி வருவதற்குள் புயல் வந்து போயே விடும்.

"இதையே காச்சி ஊத்திக்கலாம். தங்கச்சி, கரி அடுப்பக் கொஞ்சம் பத்த வையி."

தகர டின்னில் ஆயில் சூடேறிச் சடசடவென்று வெடித்தது. உள்ளே இருக்கிற தண்ணீர் போகிற சத்தம் அது. அந்தச் சத்தம் அடங்குகிற வரைக்கும், வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவன் மாதிரி ஞானதாஸ் ஆற்றுக்கும் கொட்டகைக்கும் நடந்தான். நடைக்கு ஒரு வசவு. ஷரஃபுதீன் ஆயிலைத் துணியில் வடிகட்டி ஊற்றினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"நானும் கூட வரட்டுமா, நைனா?"

"நீ செஞ்ச வேலையே போதும். இனிமே இந்தப் படகுல கைய வச்சிடாத!"

நடுப்பகலுக்குள் அக்காவும் பிள்ளைகளும் நனைந்த கோழிகளாக வீடு வந்து சேர்ந்தார்கள். வழியில் மூன்று தடவை அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தான் ஞானதாஸ். ஆயிலில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அப்படியும் அவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அக்கா கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"எங்க போற?" என்றாள் மர்சலின்.

"ஆத்தோரத்துல கீற அத்தினி படகுக்காரன்கிட்டயும் சொல்லிட்டு வரேன். அந்த பாய்க்கு ஒருத்தனும் இனிமே வேல குடுக்கக் கூடாது."

அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"போவாத. அது உப்புத் தண்ணி இல்ல. நான்தான் ஊத்தினேன்."

"இன்னா?"

"போன மாசம் நடு ஆத்துல நின்னுச்சே அந்த இஞ்சினு. இந்தப் புயல்ல நீ போறியேன்னு ராவெல்லாம் பயம். சின்னமலை கோயிலு புனித ஊத்துத் தண்ணி ஒரு பாட்டில் வச்சிருந்தேன். படகு மேல தெளிச்சா மரத்துக்குத்தான் ஆவும், கெட்டது இஞ்சினாச்சேன்னு மூடியத் தெறந்து உள்ளயே ஊத்திட்டேன்."

ஞானதாஸுக்குக் கோபம் வந்தது. எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"நாக்குல வச்சிப் பாத்தாரே! அப்பறம் ஏன் உப்புன்னு சொன்னாரு?"

"சொல்றதுக்கு முன்னாடி என் மூஞ்சியப் பாத்தாரு. ஆயில் காச்சிக்கினு இருக்கும்போது நீ ஆத்தப் பாக்கப் போன இல்ல, அப்ப எல்லாத்தையும் அவருகிட்ட சொல்லிட்டேன். 'நான் உண்மைய ஒத்துக்கிறேன் அண்ணே, உங்க பேரு கெடுது, நாளைக்கி உங்களுக்கு யாரும் வேல குடுக்க மாட்டாங்க'ன்னேன்."

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

மர்சலின் புருஷன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"'எனக்கு இந்தப் படகு போனா வேற படகு கீது, தங்கச்சி. உனக்கு வேற ஊடு ஏது?'ன்னாரு."