வெறுங்குழாயின் மஞ்சள்

விதைச்சாறு ஒரு சொட்டுக்கூட விடாத சோதனைக்குழாய் இன்றும் மஞ்சளாகிவிட்டது.

மாறவே கூடாத குழாய் அது. அவள் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சோதனை என்னவோ எளிதுதான். அடர்ந்த ஊதாத் திரவம் ஒன்று. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஓர் எலக்ட்ரான் துணையில்லாமல் நிற்கும். அந்த ஊதாவே அதனால் வருவதுதான். துத்தி விதைச்சாற்றில் இருக்கும் பீனால்கள் அதற்குத் துணை கொடுக்கும். கொடுத்ததும் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எந்த அளவுக்கு வெளுக்கிறதோ, விதைக்கு அந்த அளவுக்கு வீரியம்.

எதோடு ஒப்பிட்டு அளப்பது? அதற்குத்தான் சாறு விடாமல், சாற்றைக் கரைக்கும் கரைப்பானை மட்டும் விட்ட வெறுங்குழாய். அது ஊதாவாகவே நின்றால்தான் மற்றவை மஞ்சளாவதற்கு அர்த்தம்.

விதை இன்னும் ஒரே ஒரு சோதனைக்குத்தான் வரும். எதிர் நாற்காலி அக்கா வெயிலில் அலைந்து பறித்து, தன் கையால் உலர்த்திய விதை. இதுவும் கெட்டால், இருவர் பெயரும் சேர்ந்து வரவேண்டிய கட்டுரை வராது.

புதுக் கரைப்பான் புட்டி திறந்தாயிற்று. வெளிச்சத்திலும் ஊதா வெளுக்கும் என்று திரை இழுத்தாயிற்று. பயனில்லை.

கிடங்குக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, சும்மா இருக்கிற குழாயே நிறம் மாறுதா? உள்ள பேய் குடியிருக்கும், வாடகையாவது கேளுங்க!"

  அவர் சிரித்தபடி போய்விட்டார்.

வெறுங்குழாயை மட்டும் தொட்டது எது?

வெறுங்குழாய்க்கென்று கரைப்பானை ஊற்றி வைத்த சிறு பீக்கர். சாய்த்துப் பார்த்தாள். அடியில் மெல்லிய பழுப்பு வளையம்.

தேநீர்க் கறை. பாலில்லாத தேநீரிலும் பீனால்கள்தான். அந்த மெல்லிய கறையே போதும், ஊதா செத்துவிடும்.

ஆய்வகத்தில் தேநீர் குடிக்கக் கூடாது. அது அவர்கள் இருவரின் திருட்டுத்தனம். காலையில் இரண்டு பீக்கரில் ஊற்றுவாள். தன்னுடையதைச் சூடாகக் குடித்துக் கழுவி இழுப்பறைக்குள் ஒளித்துவிடுவாள். அக்காவுக்கோ ஆறி அவிந்தால்தான் தேநீர். மதியம் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்ப்பாள்.

அக்கா இறந்த பிறகும் இரண்டிலும்தான் ஊற்றினாள்.

மதியம்வரை அக்காவின் தேநீர் அப்படியே இருக்கும். பிறகு தொட்டியில் கொட்டி, தண்ணீரில் அலசி, தொட்டியோரம் கவிழ்ப்பாள். அழுத்தித் தேய்க்க மனம் வந்ததில்லை. சோதனைக்கு உட்காரும்போது முதலில் கைக்குக் கிடைப்பதும் அதுதான்.

வேறு பீக்கர் எடுத்தாலும் வேலை நடக்கும்தான்.

மறுநாள் காலை அக்காவின் பீக்கரைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, ஒன்றில் மட்டும் தேநீர் ஊற்றினாள்.

வெறுங்குழாய் ஊதாவாகவே நின்றது.